அவரை வெந்த தண்ணீர்

அந்தக் காட்சியில் முதலில் என் கண்ணுக்கு வருவது ஆவிதான். ஜன்னலுக்கு வெளியே கோத்தகிரியின் நவம்பர் மழை. மூன்று நாளாக விடாத மழை. ஜன்னலை ஒட்டிய முக்காலியில் மாமா உட்கார்ந்திருக்கிறார். கம்பளிக் குல்லா, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர், அதற்கும் மேல் அத்தையின் பழைய சால்வை. இரண்டு கைகளாலும் ஓர் எவர்சில்வர் டம்ளரைப் பொத்திப் பிடித்து, குடிக்காமல், முகத்தை அதன்மேல் தாழ்த்தி வைத்திருக்கிறார். நான் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் குடையைத் தேடிக்கொண்டே அவரைப் பார்த்தேன். அளந்து கொடுத்த காலை டீ என்று நினைத்துக்கொண்டேன். கிட்டே போயிருந்தால் பூண்டு வாசம் வந்திருக்கும். பத்தடி தூரம்கூட இல்லை. ஆனால் எனக்கு எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது.

மாமா என்று நான் சொல்வது என் கணவரின் அப்பாவை. தேயிலை ஃபாக்டரியில் முப்பது வருஷத்துக்கும் மேலாக இலையை உலர்த்தும் ட்ரையர் பக்கத்திலேயே நின்று வேலை பார்த்தவர். வெளியே ஊரே பற்கள் கிடுகிடுக்க நடக்கும்போது அவர் உள்ளே பனியனோடு வியர்த்துக்கொண்டிருப்பாராம். அந்தச் சுகத்துக்குப் பழகிய உடம்பு, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவருஷமே குளிரில் சுருண்டுவிட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து கல்யாணமாகி மலையேறி வந்த எனக்கும் அதே கதைதான். வீட்டில் குளிருக்குப் பயந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர். அதனாலேயே எங்களுக்குள் ஒரு கூட்டு இருந்தது. மாலையில் நான் வீட்டுக்குள் நுழையும்போதே, "வாம்மா, அடுப்புக்கிட்ட எடம் புடிச்சு வெச்சிருக்கறன்" என்பார். அப்புறம் அத்தை களி கிண்டுவதைப் பார்த்துக்கொண்டே, "குளுருக்கு அடுப்புதாங்கண்ணு மருந்து. ஆனா அடுப்பத் திங்க முடியாதே, அதுனால களியத் திங்கறோம்" என்று சிரிப்பார். ஒவ்வொரு வருஷமும் இதே நகைச்சுவை. நானும் ஒவ்வொரு வருஷமும் சிரித்துவைப்பேன்.

அத்தையின் சமையலைப் பற்றி நான் சொன்னால் நம்பிக்கை வராது. மாமியாரைப் புகழும் மருமகள் என்றால் யாருக்கும் ஒரு சந்தேகம் வரும். ஆனாலும் சொல்கிறேன். கார்த்திகை மார்கழியில் எங்கள் வீட்டில் ஒருவரும் குளிரில் படுத்ததில்லை என்றால் அதற்கு அவர்தான் காரணம். பச்சை அவரைப் பருப்பும் உருளைக்கிழங்கும் போட்டு வைக்கும் குழம்பு, சுடச்சுட ராகிக்களி, கொள்ளுப் பருப்பு, அரைக்கீரைக் கடைசல். களியில் குழி பண்ணிக் குழம்பை ஊற்றினால் உள்ளங்கால் வரைக்கும் சூடு இறங்கும். எல்லாவற்றுக்கும் மேலே ரசம். அவரையோ கொள்ளோ வேகவைத்தால் அந்தத் தண்ணீரை வடித்துத் தனியே எடுத்துவிடுவார். மிளகையும் மலைப்பூண்டையும் தட்டிப் போட்டு அதில்தான் ரசம். காய் வெந்த தண்ணீரைக் கீழே ஊற்றுவது அவர் கணக்கில் சோற்றைக் கீழே கொட்டுவதற்குச் சமம். எங்கள் வீட்டில் மட்டும் இல்லை, கொங்குப் பக்கத்தில் எந்த வீட்டிலும் அப்படித்தான். என் அம்மா வீட்டிலும் அப்படித்தான். இதை நான் மறந்துபோனேன் என்பதுதான் இந்தக் கதை முழுவதும்.

மாமாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்று தெரிந்தபோது அவருக்கு அறுபத்தாறு வயது. வாரம் இரண்டு முறை மலையிறங்கி டயாலிசிஸ். கூடவே ஒரு நீளமான தாள். அதில் சாப்பிடக் கூடாதவை என்று இருந்த பட்டியலைப் படித்தபோது யாரோ எங்கள் சமையலறைக்குள் வந்து பார்த்து எழுதியதுபோல் இருந்தது. உருளைக்கிழங்கு, அவரைப் பருப்பு, கொள்ளு, கீரை, ராகி எதுவும் வேண்டாம். உப்பு வேண்டாம். டீ, மோர், ரசம், தண்ணீர் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான். காயில் பொட்டாசியம் என்று ஒரு சத்து உண்டு. சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு அது ரத்தத்தில் தேங்கி இதயத்தை நிறுத்திவிடும் என்று நர்ஸ் எனக்குப் பொறுமையாக விளக்கினார். ஆசைக்குக் கொஞ்சம் காய் வேண்டுமானால் தோல் சீவி, பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு, மறுபடி வேறு தண்ணீரில் வேகவைத்துக் கொடுக்கலாம் என்றார். நான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். பி.காம். படித்தவள், ஃபாக்டரி ஆபீசில் ஃபைல் பார்க்கிறவள். எழுதுவதில் எனக்குக் குறையே கிடையாது.

வீட்டுக்கு வந்து நான்தான் போலீஸ் ஆனேன். மாமாவின் தண்ணீருக்கென்று ஒரு பாட்டில், டீக்கென்று ஒரு சின்ன டம்ளர். கடுங்குளிரில் அவர் களிச் சட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாங்கள் சாப்பிடும்போது எழுந்து போய்விடுவார். ஒரு நாள், "ஏம்மா, ஒரே ஒரு வாய் கொழம்பு. நாக்குல தடவிட்டு வெச்சர்றேன்" என்று குழந்தை மாதிரி கேட்டார். "மாமா, உங்க நல்லதுக்குத்தானுங்க" என்றேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை. அவர் அதற்கப்புறம் என்னிடம் கேட்கவில்லை. அடுப்பருகே எனக்கு இடம் பிடித்து வைப்பதையும் நிறுத்திவிட்டார்.

அத்தையிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "காய ரெண்டு வாட்டி வேக வெக்கோணுமுங்க அத்தை. மொத தண்ணிய வடிச்சுருங்க, அப்பறம் வேற தண்ணி." அவர் சரி என்றார். எதற்காக வடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பொட்டாசியம் என்றால் அத்தைக்கு என்ன புரியப்போகிறது என்ற எண்ணம் எனக்கு. அதைவிட, எனக்கு நேரமில்லை. சொல்லியிருந்தால் இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். காயில் இருக்கிற ஆகாதது எல்லாம் அந்தத் தண்ணீரில் இறங்கிவிடும், அதனால் கீழே கொட்டிவிடுங்கள். இதுதான் விஷயம். இதைச் சொல்லப் பட்டப்படிப்பு எதற்கு?

அந்த நவம்பரில் மலைப்பாதையில் மண் சரிந்து, மரங்கள் விழுந்து, பஸ் நின்றுபோயிற்று. குன்னூர் வழியும் அடைத்துவிட்டது என்றார்கள். ஒரு டயாலிசிஸ் தவறியது. நான் தண்ணீர் அளவை இன்னும் குறைத்தேன். உள்ளூர் பஸ்கள் ஓடியதால் ஆபீசுக்கும் போய்க்கொண்டிருந்தேன். நான்காம் நாள் பாதையைச் சரிசெய்து வண்டிகளை விட்டதும் வாடகைக் கார் பிடித்து அவரைக் கீழே கொண்டுபோனோம். கால் இரண்டும் துணி மாதிரி துவண்டிருந்தன. வளைவுகளில் என் தோள்மேல் சாய்ந்துகொண்டு, "கீழ போகப் போக நல்லாத்தான் இருக்குது, குளுரு வுட்டுருச்சு" என்றார். அவர் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை அதுதான். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், மெஷினில் போடக் கொண்டுபோனார்கள். அதற்குள் இதயம் நின்றுவிட்டது. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "ஒரு தடவை தவறினதுக்குப் பொட்டாசியம் இவ்வளவு ஏறியிருக்கே. என்ன சாப்பாடு குடுத்தீங்க?" என்று கேட்டார். தாளில் சொன்னபடி மட்டும்தான் என்று நான் அடித்துச் சொன்னேன். உண்மையில் அப்படித்தான் நம்பினேன்.

காரியம் முடிந்து உறவினர்கள் எல்லாரும் போன மறுநாள் அத்தை தானாகவே சொன்னார். அழுது அழுது குரல் கம்மியிருந்தது. "ஒரு கொறையும் இல்லாமத்தாங்கண்ணு போனாரு. அந்த நாலு நாளும் வெடவெடன்னு நடுங்குனாரு. நீ வடிக்கச் சொன்னியல்ல, அந்த அவரத் தண்ணி, கெழங்குத் தண்ணி, அதுல நல்லா மொளகும் பூண்டும் தட்டிப்போட்டு ரசம் வெச்சுக் குடுத்தேன். டீய நிறுத்திட்டுத்தான் குடுத்தேன், அளவு தாண்டுல. உப்பு ஒரு கல்லுகூடப் போடுல. காயத்தான ஆகாதுன்னாங்க, வெறுந்தண்ணி என்ன பண்ணீரும்? அதக் குடிச்சப்பறந்தான் அவரு மொகத்துல ஒரு சிரிப்பே வந்துச்சு."

அத்தை எதையும் ஒளிக்கவில்லை, எந்த விதியையும் மீறவில்லை. தண்ணீர் அளவு சரி. உப்பு இல்லை. காயை இரண்டு தடவை வேகவைத்தார். சொன்ன அத்தனையையும் செய்தார். சொல்லாமல் விட்டது ஒன்றுதான் மிச்சம். அதைச் சொல்லாதவள் நான். அன்றைக்கே சொல்லியிருக்கலாம், "அத்தை, அந்தத் தண்ணீர்தான்" என்று. வாய் வரவில்லை. நாற்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவரை, தன் கையாலேயே, அதுவும் ஆசை ஆசையாக... இதை ஒரு மனுஷியிடம் எப்படிச் சொல்வது? கணவரிடமும் சொல்லவில்லை. பாதை அடைத்ததால் போய்விட்டார் என்று ஊர் சொன்னது. நானும் அதையே சொன்னேன்.

அதற்குப் பிறகு ஐந்து குளிர்காலம். ஒவ்வொரு மழைக்கும் அத்தை அந்த ரசத்தை வைத்து, "உங்க மாமா கடைசியா ஆசையாக் குடிச்சதும்மா" என்று எனக்கு ஊற்றிக் கொடுப்பார். நான் குடிப்பேன். நன்றாக இருக்கிறது என்றும் சொல்வேன். நன்றாகத்தான் இருக்கும், அதுதான் கொடுமை. அத்தைக்கு இருந்த ஒரே ஆறுதல் அது. அதை அவரிடமிருந்து பிடுங்காமல் இருப்பதுதான் நான் மாமாவுக்குச் செய்கிற பிராயச்சித்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோழைத்தனத்துக்கு நல்ல பெயர் வைக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

போன மாதம் கீழ்வீட்டு அக்கா ஒரு ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு வந்தார். அவர் கணவருக்கும் அதே வியாதி, டயாலிசிஸ் ஆரம்பித்தாகிவிட்டது. அக்கா சமையலறை வாசலில் நின்று அழுதார். அத்தை பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். பார்த்துப் பார்த்துக் கவனித்த அனுபவசாலி அல்லவா, ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். "காய ரெண்டு வாட்டி வேக வெய்யாத்தா. மொத தண்ணியக் கீழ ஊத்தீறாத. அதுல ரசம் வெச்சு, உப்பு போடாம, டீக்குப் பதிலாக் குடு. குளுருக்கு அவ்வளவு எதமா இருக்கும். எங்கூட்டுக்காரரு கடைசி மட்டும்..."

"ஊத்தீருங்கக்கா!" என்று கத்திவிட்டேன். இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். "அந்தத் தண்ணிய ஒரு வாய்கூடக் குடுத்தர்றாதீங்க. காயில இருக்கற ஆகாதது பூரா அதுலதான் எறங்கியிருக்கும். உசுருக்கே ஆபத்து."

அக்கா பயந்துபோய், தலையாட்டிவிட்டுப் போனார். அத்தை பூண்டை உரித்து முடித்தார். தோலை முறத்தில் ஒதுக்கினார். என்னைப் பார்க்காமலேயே கேட்டார்.

"அப்ப, அவருக்கும் அதுதானா?"

"பாதை அடைச்சுப் போனதுனாலதானுங்க அத்தை."

"உனக்கு எப்பத் தெரியும்?"

அவர் விரல்விட்டு எண்ணியதைப் பார்த்தேன். "அஞ்சு வருசம்" என்றார். "அஞ்சு வருசமா நான் வெச்சதக் குடிச்சுப்போட்டு, நல்லாருக்குதுன்னு சொன்னியே கண்ணு." திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. என்மேல் இரக்கப்பட்டதுபோல் சொன்னார். நான்தான் முதலில் சொல்லாமல் விட்டேன் என்று அவர் காலடியில் உட்கார்ந்து அழுதேன். என் தலையில் கை வைத்தார். அந்தக் கை ஜில்லென்று இருந்தது.

அதன் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. இந்த வாரம் மறுபடி நல்ல குளிர். புல்லெல்லாம் காலையில் வெள்ளையாகக் கிடக்கிறது. நேற்று அத்தை அவரைப் பருப்பை வேகவைத்து இறக்கினார். வடித்த தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். ஐம்பது வருஷம் சமைத்தவர், என்னைப் பார்த்துக் கேட்டார்: "இது நம்மளுக்கு ஆகுமா?"

"ஆகுமுங்க அத்தை. நம்மள ஒண்ணும் பண்ணாது."

நான் சொன்னதை நம்பினாரா என்று தெரியவில்லை. பின்கதவைத் திறந்து வெளியே போய்த் தண்ணீரை ஊற்றிவிட்டு வந்தார். வெறும் பாத்திரத்தை என் கையில் கொடுத்தார்.

"இனி அடுப்ப நீயே பாத்துக்க கண்ணு. எனக்குப் பயமா இருக்குது."