உச்சிப் பாறைச் சிவப்பு

காய வைத்த செடிகளைத் தாளில் ஒட்டி, அலமாரியில் அடுக்கிப் பாதுகாக்கும் அலுவலகம் எங்களுடையது. ஒட்டுகிற வேலை என்னோடு வேலை பார்த்த அக்காவுக்கு. ஒட்டிய செடிக்குக் கீழே வைக்கும் பெயர்ச்சீட்டை அடிக்கிற வேலை எனக்கு. அதனால் அவளுக்குப் பசையக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். செடியை ஒட்டுவாளே தவிர மனுஷரோடு ஒட்டமாட்டாள் என்று கேலி வேறு. கேலி பேசியவர்களில் ஒருத்தர்கூட அவளை டீ குடிக்கக் கூப்பிட்டது கிடையாது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. யார் எதை நீட்டினாலும், “எனக்கு ஒண்ணும் வேண்டாம்” என்பாள். நீட்டிய கை எத்தனை நாள்தான் நீளும்?

அலுவலகத்துக்குப் பின்னாலேயே அவளுக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். கல்யாணம் ஆகவில்லை. சொந்தம் என்று ஒரே ஒரு தங்கை, ஊரின் மறுகோடியில். ஓய்வு பெற்றதும் அறையைக் காலி செய்ய வேண்டும். அந்தக் கடைசி வருஷம் அக்காவின் பேச்செல்லாம் தங்கை வீட்டு மாடி அறையைப் பற்றித்தான்.

“அந்த ரூம்ல காலைலயே வெயில் வந்துடும். ஜன்னல் திட்டு நல்ல அகலம். தொட்டியெல்லாம் வைக்கலாம்.”

“அப்புறம் என்ன? அங்கேயே போயிடுங்களேன்.”

“அவளா கூப்பிடட்டும். நானா போய் நிக்கமாட்டேன்.”

தொட்டி என்றாளே, அதற்கு ஒரு கதை உண்டு.

பாறை இடுக்கில் முளைக்கிற ஒரு காட்டுச் செடி. விரல் நுனி மாதிரித் தடித்த இலை, கிள்ளினால் தண்ணீர். எங்கள் ஆராய்ச்சியாளர் ஒரே மலையிலிருந்து அதில் மூன்று விதம் கொண்டுவந்தார். அடிவாரத்து நிழலில் இருந்தது பச்சையாக, இலை அகன்று. உச்சிப் பாறையில் இருந்தது செக்கச்செவேலென்று, இலை சுருங்கி இறுகி. கடலைப் பார்த்த சரிவில் இருந்ததோ மாவு பூசினது போலச் சாம்பல் நிறம். எல்லாம் ஒரே இனம்தான், ஆனால் இயற்கையாகவே பிரிந்த வகைகளா என்பது வளர்த்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார்.

இந்த மாதிரிச் செடியைச் சும்மா அழுத்திக் காய வைக்க முடியாது. சாகாது. கொதிக்கிற தண்ணீரில் முக்கிக் கொன்றுவிட்டுத்தான் தாள்களுக்கு நடுவே வைத்துப் பலகையால் இறுக்க வேண்டும். அக்கா வாயைத் திறக்காமல் அந்த வேலையைச் செய்வாள். அன்றைக்கு உச்சிப் பாறைச் சிவப்பில் ஒரு கிளையை மட்டும் முக்க மறந்துபோனாள். சில வாரம் கழித்துப் பலகையைப் பிரித்தால், தட்டையாகக் கிடந்த அந்தக் கிளை தாளுக்கிடையில் வெள்ளையாக வேர் விட்டிருந்தது.

“இவ்வளவு அழுத்தியும் உசுரோட இருக்கே, பாவி,” என்றாள். அடுத்த செடிக்காக அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

ஆராய்ச்சியாளரிடம் கேட்டு அந்தக் கிளையையும், மிஞ்சிய சாம்பலில் ஒரு துண்டையும் எடுத்துப்போய், ஒரே மண்ணைப் போட்டுத் தன் ஜன்னலில் நட்டாள். மண் காயக் காயத் தண்ணீர் ஊற்றினாள். சில மாதங்களில் சிவப்பில் புது இலைகள் பச்சையாக, அகலமாக வந்தன. சாம்பல் சாம்பலாகவே இருந்தது. தன் தோட்டத்திலும் அதே கதைதான் என்றார் ஆராய்ச்சியாளர்.

“சாம்பல் பிறவியிலேயே அப்படி, அது தனி வகை. சிவப்பு வகையே இல்ல. வெயில்லயும் தாகத்துலயும் கிடந்து அப்படி ஆகியிருக்கு, அவ்வளவுதான்.”

நான் பெயர்ச்சீட்டைத் திருத்தி அடித்தேன். அக்கா அன்று முழுவதும் பசைக் கிண்ணத்தைக் கலக்கிக்கொண்டே இருந்தாள், ஒன்றையும் ஒட்டவில்லை.

ஓய்வு பெறும் மாதம் தங்கை வந்தாள். கை நிறையப் பழம், வாய் நிறையப் பேச்சு. நல்லவள்தான். அக்காவுக்காக அலையோ அலை என்று அலைந்து ஓர் ஒற்றை அறை பார்த்துவிட்டாளாம்.

“தனி வாசல்க்கா. அக்கம்பக்கம் தொந்தரவே கிடையாது. உனக்குத் தனியா இருந்தாத்தானே நிம்மதி!”

நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கவே வேண்டாம்.

“நல்லதாப் போச்சு,” என்றாள். பிறகு பச்சையாகிவிட்ட அந்தச் செடியைத் தொட்டியோடு எடுத்துத் தங்கையிடம் கொடுத்தாள். “உன் மாடி ஜன்னல்ல வை.”

“தண்ணி கிண்ணி ஊத்தணுமா?”

“அதுக்கு ஒண்ணும் வேண்டாம்.”

வாய்ப்பழக்கம், வேறென்ன சொல்ல.

அவள் குடிபோன பிறகு ஒரு நாள் பார்க்கப் போனேன். துடைத்து வைத்த அறை. ஒரே நாற்காலி. நான் உட்கார்ந்தேன், அவள் நின்றாள். ஜன்னலில் சாம்பல் செடி மட்டும் இருந்தது. நான் கிளம்ப எழுந்தபோதெல்லாம், “இன்னும் கொஞ்ச நேரம் இரேன்,” என்றாள். பேச்சுக்குப் பேச்சு வேண்டுமே என்று, என் கொழுந்தனுக்கு வாடகைக்கு இடம் தேடுவதைச் சொன்னேன்.

“தங்கச்சி மாடி ரூமை வாடகைக்கு விடப்போறாளாம். போய்க் கேளு. காலைலயே வெயில் வந்துடும்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

என் வீட்டுக்காரர் தம்பிக்காக நச்சரித்ததால் போய்ப் பார்த்தேன். தங்கை மாடிக்குக் கூட்டிப்போனாள். அதே அகலமான ஜன்னல் திட்டு. அதில் அந்தத் தொட்டி. செடி மறுபடியும் செக்கச்செவேலென்று, இலை சுருங்கி இறுகி.

“எவ்வளவு அழகா சிவந்திருக்கு பாத்தீங்களா? சொட்டுத் தண்ணி ஊத்துறதில்ல. அக்கா மாதிரியேதான், ஒரு தொந்தரவும் கிடையாது.”

அதற்குமேல் என்னால் வாயை அடக்க முடியவில்லை.

“அது அழகு இல்லம்மா, தாகம். இந்த ரூம் உனக்கு வேணுமான்னு உங்க அக்காவை ஒரு தடவையாவது கேட்டீங்களா?”

“அவதான் எப்பவும் ஒண்ணும் வேண்டாம்னு...”

“எல்லாத்துக்கும் அப்படித்தான் சொல்வாங்க. அதையே பிடிச்சிக்கிட்டா எப்படி?”

தங்கை என்னைப் பார்த்தாள். செடியைப் பார்த்தாள். இலையை ஒரு விரலால் தொட்டாள். கொழுந்தன், வாடகை என்ற பேச்செல்லாம் அந்தரத்தில் நின்றது.

“மத்தியானம் தூங்கிட்டிருப்பா. எடுக்க நேரமாகும்,” என்று முணுமுணுத்தபடி போனில் எண்ணை அழுத்தினாள்.

முதல் மணி அடித்து முடிவதற்குள் அக்கா எடுத்துவிட்டாள்.