மார்க்கர் பர்னபாஸ் நின்ற பக்கம்

என் தம்பி பர்னபாஸ் எதிர்ப்பை மீறிப் பெற்றவை இவை. உயரம் போதாது என்று இரண்டு முறை திருப்பி அனுப்பிய பெங்களூர் சாப்பர்ஸ் பட்டாளத்தில், மூன்றாம் முறை இடம். பாதிப் பேரைக் காய்ச்சல் கொண்டுபோன பர்மா முகாமிலிருந்து உயிர். வலக்கைக் கட்டைவிரலும் அதற்கு அடுத்த விரலும் வெட்டுப்பட்டுப் போன பிறகு, லான்ஸ் நாயக் பட்டை. “முழுக்கைக்காரனே வேலைக்கு அலையறான், அரைக்கை எனக்கு இன்னாத்துக்கு” என்ற அதே மேஸ்திரியின் கீழ், சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில், ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜுக்கு மணி கொடுக்கிற வேலை. ஊரிகத்து ஜூடித், அவள் அப்பா கல்யாணத்தன்று காலை வரை சம்மதிக்கவில்லை. கடைசியாக, சந்தைக்கு வேறு இடம் பார்க்கும்வரை சிப்பாய் லைன் வீடுகளை யாரும் தொடக்கூடாது என்ற பேட்டைச் சபையின் தீர்மானம்.

நான் எழுதப் போவது இந்தக் கடைசியைப் பற்றி மட்டுமே. மற்றவற்றை அவனே எல்லாரிடமும் சொல்லியிருக்கிறான். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் பர்மாக் காடு இன்னும் கொஞ்சம் அடர்ந்துவிடுகிறது.

ராபர்ட்சன்பேட்டையின் கீழ்க்கோடியில் பட்டாளத்திலிருந்து வந்தவர்கள் குடியிருந்த சந்துக்குத்தான் சிப்பாய் லைன் என்று பெயர். மருந்து வைத்துப் பாறை உடைக்கவும், மரம் முட்டுக் கொடுக்கவும் பட்டாளத்திலேயே பழகியவர்கள் என்பதால் சுரங்கக்காரர்கள் அவர்களை எடுத்துக்கொண்டார்கள். மூங்கில் தட்டிச் சுவர், மேலே தகரம். ஆனாலும் வீட்டு வரி கட்டினார்கள். வரி கட்டியதால் சபைத் தேர்தலில் ஓட்டும் இருந்தது.

அந்த வருஷம் பொங்கல் கழிந்ததும் அளவுக்காரர்கள் வந்து, ஒவ்வொரு கதவிலும் சுண்ணாம்பால் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். சந்தை விரிவாக்கத்துக்காக லைனை எடுத்துவிடுவதென்று சபையில் முடிவாகிவிட்டது. அதை வழிமொழிந்தவர் மரக் கான்டிராக்டர் கோதண்டபாணி. மூன்று வருஷமாகச் சபையில் எங்கள் பக்கத்து உறுப்பினர் அவர்தான். மறுபடியும் அவர்தான் நின்றார்.

மாரியம்மன் கோயில் மைதானத்தில் நடந்த முதல் கூட்டத்துக்கு நானும் ஜூடித்தும் போயிருந்தோம். பெண்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றோம். கோதண்டபாணிக்கு நல்ல குரல். “பர்மாவிலே ரத்தம் சிந்தினவங்க இவங்க! இவங்க லைனுக்குத் தண்ணி கொண்டாந்தது யாரு? இந்தக் கோதண்டபாணி! காயம்பட்டவனுக்கு ஆஸ்பத்திரியில கட்டில் கேட்டது யாரு? சிப்பாய் பெண்சாதிய வீட்டை விட்டு ஒருத்தனும் அசைக்க முடியாதுன்னு சபையிலே மேஜையத் தட்டினது யாரு?”

“மேஜையத் தட்டினாரு, மெய்தான்,” என்றாள் என் பக்கத்தில் நின்ற பார்வதம்மா. “ஈ உக்காந்திருக்கும்.”

அவள் புருஷன் பட்டாளத்தில் நாயக். சுரங்கத்தில் பாறை விழுந்து இறந்தார். இறந்த மாதமே, இது இனிச் சிப்பாய் வீடு இல்லை என்று சபையிலிருந்து ஆள் வந்து அவளைக் காலி செய்ய வைத்தார்கள். கோதண்டபாணி சொன்ன தண்ணீர்க் குழாய் அவருடைய மரக்கிடங்கின் கேட்டுக்கு உள்ளே இருந்தது; கேட்டுக்குப் பூட்டும் இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டில் கேட்டுப் போனவர்களிடம், “அது பட்டாளத்துக் காரியம், பெங்களூருக்குப் போங்க” என்று அவர்தான் சொன்னார். இது எதுவும் ரகசியம் இல்லை. கூட்டத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

பழைய சிப்பாய் மரியகுழந்தை எழுந்து, “அய்யா, கதவுல சுண்ணாம்பு இன்னாத்துக்குங்க?” என்று கேட்டார்.

“புதுத் தகரம் போடறதுக்கு அடையாளம், தாத்தா!” என்றார் கோதண்டபாணி. மேடையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

பிறகுதான் அவர் தந்திரத்தைக் காட்டினார். பெங்களூரிலிருந்து மாணிக்கராஜ் என்ற பழைய ப்யூகிள்காரரைச் சம்பளத்துக்கு அழைத்து வந்திருந்தார். மாணிக்கராஜ் மேடை ஓரத்தில் நின்று ‘ஃபாலின்’ ஊதினார். பட்டாளத்தில் வரிசை கட்டச் சொல்லி ஊதுவது அது. மைதானத்தில் சிதறி உட்கார்ந்திருந்த கிழவர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக்கூட நேரம் இல்லாமல், எழுந்து ஓடி மேடைக்கு முன்னால் வரிசை கட்டிவிட்டார்கள். குளித்துவிட்டு வந்த துரை என்ற சிப்பாய் ஈரத் துண்டோடு நின்றார். பொட்டுக்கடலையும் வெல்லமும் கொடுத்தார்கள். வரிசை கலையாமல் வாங்கிக்கொண்டார்கள். பார்க்கிறவர்களுக்கு, லைன் முழுவதும் கோதண்டபாணியின் பின்னால் நிற்கிறது என்றுதான் தோன்றும்.

வரிசையின் வலது ஓரத்தில் நின்றவன் என் தம்பி. அந்த இடத்தில் நிற்பவனுக்கு மார்க்கர் என்று பெயர். அவன் போய் நின்ற பிறகு மற்றவர்கள் அவனை வைத்துத்தான் வரிசை பிடிப்பார்கள். லான்ஸ் நாயக்காக இருந்ததால் பர்னபாஸுக்கு அந்த இடம் பழக்கம்.

வீட்டுக்கு வந்ததும் ஜூடித் அவனைச் சும்மா விடவில்லை. “பொட்டுக்கடலைக்கு ஓடினீங்களா?”

“நான் எங்க ஓடினேன்? காலு ஓடிச்சு.”

“காலு உங்களுது இல்லையா?”

“அந்த ஊதல் கேட்டா என்னுது இல்ல, ஜூடித்து. ராணியம்மாவுது.”

சீமை மகாராணி இறந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டே இருந்தான்.

எங்கள் பேட்டைச் சபைக்கு அப்போது ஓட்டுப் போடும் முறை இதுதான். மைதானத்தில், தேர்தலுக்கு நிற்கிற ஆளுக்கொரு பக்கம் கோடு கிழித்திருப்பார்கள். வரி கட்டுகிறவர்கள் யாருக்கு வேண்டுமோ அவர் கோட்டில் போய் நிற்க வேண்டும். இதை யோசித்தபோதுதான் அந்த ப்யூகிள் எதற்கு என்று எனக்கு விளங்கியது. தேர்தல் நாளில் கோதண்டபாணியின் கோட்டுக்குப் பக்கத்தில் மாணிக்கராஜ் நின்று ஊதினால் போதும்.

மரியகுழந்தையும் துரையும் எங்கள் வாசலில் கூடிப் பேசினார்கள். கோதண்டபாணியை எதிர்த்து நின்றவர் பேட்டையில் லாடக்கடை வைத்திருந்த ஏனோக். பேச்சு வராத மனிதர். “நான் ஒண்ணும் வாக்குக் குடுக்க மாட்டேன். வேற இடம் இருக்குதான்னு சபையில கேக்கறேன். கேட்டுட்டு வந்து சொல்றேன்,” என்பதுதான் அவருடைய முழுப் பிரசங்கம்.

“தேர்தலன்னிக்கு ஊதல் கேக்காம காதுல பஞ்சு வெச்சுக்கினு போவலாமே,” என்றாள் ஜூடித்.

“ஆபீசர் நம்ம பேரைக் கூப்பிட்டா?” என்றார் மரியகுழந்தை.

“உங்களுக்குப் பஞ்சு வேணாம் மாமா. நீங்க ஏற்கெனவே செவிடு.”

“ஊதல் மட்டும் கேக்குதே, அதானே கஷ்டம்.”

அதே வாரம் தண்டோரா போட்டார்கள். போன தேர்தலில் வெளியூர் ஆட்களை நிறுத்திக் கைநாட்டு வைத்தார்களாம். ஆகையால் இந்த முறை, ஒவ்வொரு கோட்டிலும் நிற்பவர்கள் வரி கட்டுகிறவர்கள்தான் என்று அந்தக் கோட்டில் நிற்கும் ஒருவர் பெயர் எழுதிக் கையொப்பம் இட வேண்டும், கைநாட்டு செல்லாது; கையொப்பம் இல்லாத கோட்டின் ஓட்டும் செல்லாது. இப்படி வேண்டும் என்று சர்க்காருக்கு மனுக் கொடுத்தவர் கோதண்டபாணி. அவர் பக்கத்தில் எழுதத் தெரிந்த குமாஸ்தாக்கள் இருந்தார்கள். ஏனோக்குக்குச் சிப்பாய்களையும் சொந்தக்காரர் சிலரையும் விட்டால் ஆள் இல்லை. அவர்களில் ஒருவருக்கும், ஏனோக்குக்கும்கூட, எழுத்து தெரியாது.

மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்த பர்னபாஸ், “அக்கா, எம்பேரை எழுதிக் காட்டு,” என்றான். இருபது வருஷமாக நான் கெஞ்சியும் கேட்காதவன். பட்டாளத்தில் சிலுவைக்குறி, சுரங்கத்தில் இடது கட்டைவிரல், அது போதும் என்று இருந்தவன். மிஷன் பள்ளியில் நான் நான்காம் வகுப்புவரை படித்தவள். அடுப்புக் கரியால் தகரத்தில் எழுதிக் காட்டினேன். இடக்கையால் அவன் எழுதிய எழுத்துகள் எல்லாம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவை போல இருந்தன. நான்கு எழுத்து ஒழுங்காக வந்துவிடும்; கடைசி ‘ஸ்’ஸில் ஒவ்வொரு தடவையும் வழி தப்பிவிடுவான். யாருக்காக இந்தக் கையெழுத்து என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

துணிவு வராததற்குக் காரணம் இருந்தது. கோதண்டபாணியின் ஆள் இரண்டு முறை வீட்டுக்கு வந்து போயிருந்தான். தேர்தலுக்கு முந்தின நாள் நாங்கள் கோயிலிலிருந்து திரும்பியபோது, எங்கள் கதவில் மட்டும் சுண்ணாம்புக் குறி இல்லை. சுத்தமாகக் கழுவித் துடைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டில் இருந்தது. அதற்கடுத்த வீட்டிலும் இருந்தது.

மரியகுழந்தை எங்கள் கதவைப் பார்த்தார். உள்ளே போய்த் தன் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜூடித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். “ஒரு வீடாவது நிக்குமே, அண்ணி,” என்று என்னிடம் மெல்லச் சொன்னாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவளுக்குப் போக வேறு இடம் இல்லை. எனக்கும் இல்லை.

பர்னபாஸ் கொல்லைப்பக்கம் போனான். வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவோடு வந்தான். இருக்கிற மூன்று விரலால் சுண்ணாம்பைத் தோண்டி, கதவில் முன்பு இருந்ததைவிடப் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டான். சந்தில் நின்றவர்கள் பார்த்தார்கள். அப்போதும் அவன் என்ன செய்யப்போகிறான் என்று சொல்லவில்லை. காலுக்குப் பயந்தான் என்று நினைக்கிறேன்.

தேர்தலன்று காலை அவன் பர்மா மெடலைக் குத்திக்கொண்டான். வெள்ளி மெடல், சிலர் ஈயம் என்பார்கள், வெள்ளிதான். மைதானத்தில் இரண்டு சுண்ணாம்புக் கோடுகள். நடுவில் மேஜை போட்டு மைசூர் சர்க்கார் அதிகாரி. கோதண்டபாணியின் கோட்டில் கடைக்காரர்களும் அவருடைய குமாஸ்தாக்களும் நின்றார்கள். ஏனோக் தன் கோட்டில் சொந்தக்காரர் சிலரோடு நின்றார். சிப்பாய்கள் இரண்டு பக்கமும் சேராமல் வேப்பமரத்தடியில் நின்றார்கள். நானும் ஜூடித்தும் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டிருந்தோம். அவள் நகம் என் கையில் பதிந்திருந்தது.

மாணிக்கராஜ் ப்யூகிளை வாயில் வைத்தார்.

முதல் ஊதலுக்கே மரத்தடியில் எல்லாக் கால்களும் அசைந்தன. ஆனால் மார்க்கர் நிற்காமல் வரிசை நிற்க முடியாது. எல்லாரும் பர்னபாஸைத் தேடினார்கள். அவன் அதற்குள் ஓட ஆரம்பித்திருந்தான். ப்யூகிளை நோக்கியே ஓடினான். ஜூடித் “ஐயோ” என்றாள். மேஜைக்குப் பக்கத்தில் வந்தபோது அவன் இடதுபுறம் திரும்பினான். ஏனோக்கின் கோட்டுக்கு ஓடி, அதன் வலது முனையில் குதிகாலைச் சேர்த்து விறைப்பாக நின்றான்.

மற்றவர்கள் அவனை வைத்து வரிசை பிடித்தார்கள். மரியகுழந்தை முதலில், பிறகு துரை, பிறகு எல்லாரும். தலை வலதுபக்கம் திருப்பி, தோளை ஒழுங்கு செய்துகொண்டு. கோதண்டபாணியின் கோட்டைவிட ஏனோக்கின் கோடு நீண்டுவிட்டது. ப்யூகிள் இன்னும் ஊதிக்கொண்டிருந்தது.

“நிறுத்துய்யா!” என்று கோதண்டபாணி மாணிக்கராஜிடம் கத்தினார்.

“முடியற வரைக்கும் ஊதணும்ங்க, ரூலு,” என்றார் மாணிக்கராஜ், மூச்சு வாங்கிக்கொண்டே. அவரும் பட்டாளத்துக்காரர்தானே.

கோதண்டபாணி மேஜைக்கு வந்தார். “இந்தக் கோட்டுக்குக் கையெழுத்து யார் போடறது? கட்டைவிரலே இல்லாதவன் தலைமை!” அவருடைய ஆட்கள் சிரித்தார்கள். அதிகாரி ஏனோக்கின் கோட்டைப் பார்த்து, எழுதத் தெரிந்தவர் உண்டா என்று கேட்டார். யாரும் அசையவில்லை, வரிசையில் நிற்பவன் உத்தரவில்லாமல் அசையமாட்டான். அதிகாரிக்கு அது புரிந்ததோ என்னவோ, “மார்க்கர், இங்கே வா,” என்றார்.

பர்னபாஸ் ஒரு அடி முன்னால் வந்து, திரும்பி, மேஜைக்கு நடந்தான். இடக்கையில் பேனாவை வாங்கினான். மைதானத்தில் சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. நான்கு எழுத்து போட்டான். நிறுத்தினான். அவன் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. நான் வேலிக்கு இந்தப் பக்கம் என் விரலால் கம்பின் மேல் ‘ஸ்’ எழுதிக்கொண்டிருந்தேன்.

அவன் முழங்கை மறுபடி அசைந்தது. அதிகாரி தாளைத் தன் பக்கம் திருப்பி, “பர்னபாஸ்” என்று உரக்கப் படித்து, அதன் கீழே தேதி போட்டார்: 1906-ஆம் வருஷம் மார்ச் மாதம் 12-ஆம் தேதி, திங்கட்கிழமை.