அவள் கட்டைக்கு எழுதிய பாட்டுகள்

நான் இசையமைப்பாளன் என்று சொன்னால் தாம்பரத்தில் யாராக இருந்தாலும் கேட்கிற முதல் கேள்வி, "எந்தப் படம் சார்?" படமெல்லாம் கிடையாது, கவிஞர்கள் எழுதிய கவிதைகளுக்கு இசை எழுதுகிறேன், பாட ஒரு குரல், கூட ஒரு பியானோ, அவ்வளவுதான் என்பேன். "ஓ, பக்திப் பாட்டா?" என்பார்கள். அதற்கு மேல் விளக்க எனக்குப் பொறுமை இல்லை. எங்கள் அடுக்குமாடியில் என்னைப் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர் என்றுதான் தெரியும். மற்ற நேரத்தில் நான் தட்டுவது அவர்களுக்கு வெறும் சத்தம்.

முடிச்சூரில் வெள்ளம் பார்த்த ஒருவர் எழுதிய ஆறு சின்னக் கவிதைகள் ஒரு சிற்றிதழில் வந்திருந்தன. படித்த அன்றே அவரைத் தேடிப் போய்க் கேட்டேன். "எடுத்துக்கோங்க, எனக்கென்ன போச்சு" என்று டீக்கடையில் நின்றபடியே சம்மதம் கொடுத்தார். அதில் ஒன்று இது:

தண்ணீர் வடிந்துவிட்டது.
சுவரில் ஒரு கோடு.
கோட்டுக்குக் கீழே
நாங்கள் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை.

இதற்கு இசை எழுதி முடித்துப் பாட ஆள் தேடினால், வந்தவர்கள் எல்லாரும் முறையாகப் பாட்டு கற்றவர்கள். 'சத்தமாக' என்ற சொல்லில் ஏறி உட்கார்ந்துகொண்டு கல்யாணக் கச்சேரி மாதிரி சுழற்றினார்கள். நேராகப் பாடுங்கள் அம்மா, ஒரு அசைவும் வேண்டாம் என்று கெஞ்சிப் பார்த்தேன். அவர்களுக்கு அது பாட்டாகவே தெரியவில்லை. வெறுத்துப்போய்க் காகிதங்களைப் பீரோவின் மேல் தூக்கிப் போட்டேன்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் தெருமுனையில் ஒரு அம்மன் கோயில். ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற நாளில் குழாய் ஸ்பீக்கரைச் சரியாக என் ஜன்னலைப் பார்த்துக் கட்டிவிட்டார்கள். காலையிலிருந்து பொறுத்தவன், மதியம் சட்டையை மாட்டிக்கொண்டு சண்டைக்குக் கிளம்பினேன். அங்கே ஒரு பெண் மைக்கைப் பிடித்து அம்மனைத் தாலாட்டிக்கொண்டிருந்தாள். ஆழமான, கரகரத்த குரல். ஒரு நெளிவு சுளிவு இல்லை. ஸ்பீக்கர் வழியாகக் கேட்டபோது என் மண்டைக்குள் கோபம் மட்டும்தான் இருந்தது போலிருக்கிறது, நேரில் நின்று கேட்டபோதுதான் அது காதில் விழுந்தது. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

பாடி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "இன்னா சார், ஸ்பீக்கரு தொந்தரவா கீதா? கொறைக்கச் சொல்லட்டா?"

"வேணாம்மா. இன்னொன்னு பாடுங்க" என்றேன்.

கிழக்குக் கடற்கரைப் பக்கம் ஒரு குப்பத்தில் பிறந்தவள். புருஷனோடு சேர்ந்து எங்கள் ஜங்ஷனில் மீன்கடை வைத்திருந்தாள். என் பாட்டுகளைப் பாட முடியுமா என்று கேட்டேன், ஒத்துக்கொண்டாள். கடையை மூடிவிட்டு, குளித்து, மதியத்துக்கு மேல் இருவரும் என் வீட்டுக்கு வருவார்கள். வந்த ஐந்தாவது நிமிஷம் அவர் சோபாவில் குறட்டை. அவள் முதல் நாளே கேட்டாள், "எத்தினி கட்டை சார்?"

பாடகர் எந்தச் சுருதியில் பாடுவாரோ அந்தக் கட்டைக்குக் கீபோர்டில் ஒரு பட்டனை அமுக்கி மாற்றிக்கொள்வது இங்கே எல்லாரும் செய்வது. எனக்கு அது ஆகாது. நான் எந்த இடத்தில் எழுதினேனோ அங்கேதான் பாட வேண்டும், ஏற்றவும் கூடாது இறக்கவும் கூடாது என்று சட்டம் பேசுகிறவன். அவளுக்காகச் சட்டத்தைக் கடாசிவிட்டு, எல்லாவற்றையும் அவள் தொண்டைக்குத் தகுந்தபடி முதலிலிருந்து திரும்ப எழுதினேன். 'கோட்டுக்குக் கீழே' என்ற இடத்தில் அவள் குரல் அடிமட்டத்துக்கு இறங்கி, லேசாக உரசும். எனக்குக் கை மயிர் சிலிர்த்துவிடும். என்ன எழுதியிருக்கிறேன் பார் என்று மனசுக்குள் என்னையே மெச்சிக்கொள்வேன்.

"இன்னா பாட்டு சார் இது? தாளமும் இல்ல, ஒரு குத்தும் இல்ல. ஆனா அழுவ வருது" என்பாள்.

பாட்டெல்லாம் போனில்தான் பதிவு செய்து வைத்திருந்தோம், பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தத்தோடு. ஆறாவது பாட்டும் முடியட்டும், மொத்தமாக நல்ல ஸ்டுடியோவில் செய்துவிடலாம் என்றிருந்தேன். அதற்குள் அவள் கழுத்தில் கட்டி தெரிந்தது. தைராய்டு. அறுவை சிகிச்சை செய்தே ஆக வேண்டும், குரல் நரம்பு ஒட்டியே இருக்கிறது, பாதிப்பு வரலாம் என்று முன்பே சொல்லித்தான் செய்தார்கள். யாரையும் குறை சொல்வதற்கில்லை. உயிர் பிழைத்தாள். குரல் போய்விட்டது.

மிச்சமிருந்தது காற்று மட்டும். கடையில் கூவுவதைப் புருஷன் எடுத்துக்கொண்டார். அவள் எடை போடுவாள், சுத்தம் செய்து கொடுப்பாள், வாய் திறக்க மாட்டாள். பயிற்சி செய்தால் கொஞ்சம் திரும்ப வரலாம், முழுசாக வராது என்றார் டாக்டர். வாராவாரம் குரோம்பேட்டைக்குப் போய், தண்ணீர் டம்ளருக்குள் ஸ்ட்ராவை விட்டு 'ஊ' என்று ஊதிவிட்டு வந்தாள். கழுத்து வலிக்கும், கண்ணில் தண்ணீர் வந்துவிடும், ஆனாலும் விடவில்லை. "எனுக்கு பேசறதுக்கு வேணாம் சார். அந்தப் பாட்டுங்க சாவக் கூடாது" என்று கிசுகிசுத்தாள்.

"கட்டைய எறக்குங்க சார், பாக்கலாம்" என்றாள் ஒருநாள். இறக்கினேன். வரவில்லை. இன்னும் இறக்கினேன். ஒரு கட்டத்தில் பியானோ உறுமியது, அவள் வாயிலிருந்து காற்று வந்தது, சோபாவில் தூங்குகிற மனுஷன் எழுந்து உட்கார்ந்து, "போதும் வுட்ரு சார்" என்றார். அன்றைக்கு அவர்கள் போனபிறகு நான் வாய்விட்டு அழுதேன்.

அவள்தான் பிடிவாதம் பிடித்து வேறு ஆளைப் பாட வைக்கச் சொன்னாள். சேலையூரிலிருந்து இசைக் கல்லூரியில் படித்த ஒரு பெண் கிடைத்தாள். சொன்னதைச் சொன்னபடி செய்கிற பெண், நேராகப் பாடு என்றால் நேராகப் பாடினாள். மேற்குத் தாம்பரத்தில் ஒரு இலக்கியக் கூட்டத்தின் முடிவில் எங்களுக்கு அரை மணி நேரம் ஒதுக்கினார்கள். மீன்காரி பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, புருஷனோடு இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பெண் ஒரு பிசிறில்லாமல் பாடினாள். 'கோட்டுக்குக் கீழே' என்ற இடத்துக்கு வந்தோம். சுத்தமாக இறங்கினாள், சுருதி அணுவளவும் விலகவில்லை. அங்கே ஒன்றுமே இல்லை. நான் வாசித்துக்கொண்டே காத்திருந்தேன். அடுத்த பாட்டிலும் இல்லை. பிள்ளைகளுக்கு விரல் பழக நான் எழுதிக்கொடுக்கிற பாடங்கள் இதைவிடத் தேவலை. பாட்டு என்று நான் நினைத்ததெல்லாம் அவள் தொண்டைதான், நான் வெறுமனே பக்கத்தில் உட்கார்ந்து கட்டைகளை அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது கூட்டத்துக்கு முன்னால், கை ஓடிக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தெரிந்துபோனது. ஐம்பது வயதுக்கு மேல் ஒரு மனுஷனுக்கு இது தெரிந்து என்ன ஆகப் போகிறது? பாட்டுக்கு நடுவில் நான் விட்டிருந்த மௌனத்தில் ஒருவர் கைதட்டிவிட்டுச் சமோசா எடுக்க எழுந்து போனார். அவர்மேல் கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை.

முடிந்ததும் அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். முகமெல்லாம் கண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு. சத்தத்தில் கேட்கவில்லை, குனிந்து அவள் வாயருகே காதை வைத்தேன்.

"பயந்துகினே இருந்தேன் சார். என் தொண்டையோட இதுவும் பூட்ச்சுன்னு. போவல சார். எல்லாம் அப்டியே கீது. எனுக்கு மேலயே பாடுது அந்தப் பொண்ணு."

"ஆமாம்மா" என்றேன்.

"அப்ப நான் இனிமே அந்த ஊதுறதுக்குப் போவல சார். ரொம்ப நோவுது. பாட்டுதான் பொழச்சிக்கிச்சே, இந்தக் கொரலு எதுக்கு?"

நீ இல்லாமல் அதில் ஒன்றுமே இல்லையம்மா என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் திரும்பவும் பயிற்சிக்குப் போவாள். சொன்னால், இப்போது அவள் முகத்தில் இருந்த அந்தச் சிரிப்பு போய்விடும், அந்தப் பழைய குரலும் வரப்போவதில்லை. புருஷன் பின்னால் நின்றுகொண்டு என் வாயையே பார்த்தார். "சரிம்மா, நிறுத்திக்கோ" என்றேன்.