மயிலாப்பூரில் வெள்ளைக் காக்கைக்கு ஒரு கச்சேரி

சென்னையில் பழைய ரெக்கார்ட் கடைகளைப் பார்க்க ஒரு நாள் போதுமா என்று போன பதிவின் பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டிருந்தார். போதும். நான் அப்படிப் போனது எழுபத்தெட்டாம் வருஷம், பொங்கல் கழிந்த வாரம். கோயில், அருவி, மலைப்பாதை என்று எழுதிவருபவள் ஒரு ரெக்கார்டுக்காக ரயிலேறினாள் என்றால் நீங்கள் சிரிப்பீர்களோ என்றுதான் இத்தனை நாள் எழுதவில்லை. அப்போது வீட்டிலேயே சிரித்தார்கள், நீங்களும் சிரித்துவிட்டுப் படியுங்கள்.

நான் அப்போது விருதுநகர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். தி.நகரில் ‘வெள்ளைக் காக்கை’ என்று ஒரு சின்ன ரெக்கார்ட் கம்பெனி இருந்தது. பெரிய கம்பெனிகள் வாசலிலேயே திருப்பி அனுப்புகிற ஆட்களைத்தான் அது பாடவைக்கும். கண்டக்டர் ஒருவர் பாடிய கேலிப்பாட்டு, கிடார் பிடித்த கல்லூரிப் பையன்களின் கூச்சல், சவ ஊர்வலத்துப் பறைமேளம் என்று அவர்கள் போடாதது இல்லை. அதில் பாதி கேட்கச் சகிக்காது, மீதியை விட்டு விலக முடியாது. என்னிடம் இருந்தது பிலோமினா என்கிற மீன்காரப் பெண் பாடிய தட்டு. வலையைப் பழுதுபார்க்காமல் தூங்கும் புருஷனை எழுப்புகிற பாட்டு. மெதுவாக, கொஞ்சம் கரகரப்பாக, கோபமும் பிரியமுமாகப் பாடியிருப்பாள்.

‘மெதுவாக’ என்று சொன்னதால் எங்கள் வீட்டு ரெக்கார்ட் பிளேயரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். உள்ளே ரப்பர் சக்கரம் தேய்ந்து, எந்தத் தட்டைப் போட்டாலும் இழுத்து இழுத்துத்தான் சுற்றும். என் கணவர் அதைப் பாசஞ்சர் வண்டி என்பார். ஒருமுறை சாத்தூரில் ஒரு கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் அதே பாட்டைக் கேட்டேன். கீச்சென்று விரட்டிக்கொண்டு ஓடியது. அவர்கள் மெஷினுக்குத்தான் கோளாறு என்று முடிவு கட்டினேன். நான் அப்படித்தான், என் வீட்டுச் சாமானை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வெள்ளைக் காக்கை கம்பெனியை மூடிவிட்டார்கள், அதைப் பாராட்டி ரசிகர்கள் மயிலாப்பூரில் ஒரு கச்சேரி வைக்கிறார்கள், பிலோமினா முதல்தடவையாக மேடையில் பாடப்போகிறார் என்று பேப்பரில் ஒரு மூலையில் நாலு வரி வந்திருந்தது. அன்றைக்கே லீவு எழுதிக்கொடுத்துவிட்டேன்.

விருதுநகரிலிருந்து சென்னை ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். இரண்டாம் வகுப்பில் இருபது ரூபாய்ச் சொச்சம். எழும்பூர் வரை போகவில்லை. தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயில் பிடித்தால் மாம்பலம் வந்துவிடும், அங்கிருந்து தி.நகர் காலடியில். காலை எட்டு மணிக்கு ரங்கநாதன் தெருவில் காய்கறிக்காரர்களுக்கும் சுமைதூக்கிகளுக்கும் நடுவே முட்டிமோதிப் பெரிய ரோட்டுக்கு வந்தேன். இட்லி, வடை, காப்பி எல்லாம் சேர்த்து ஒன்றேகால் ரூபாய். காப்பி சுமார்தான்.

கம்பெனி என்று நான் தேடிப்போனது ஒரு ஜவுளிக்கடையின் மாடி. வெள்ளைக் காக்கையை நடத்திய ராமலிங்கம் அண்ணாச்சி திசையன்விளைக்காரர். கீழே அவருடைய அண்ணனின் ஜவுளிக்கடை, மேலே சரக்கு வைக்கும் குடோன். அந்தக் குடோன்தான் பாட்டுப் பதிவு செய்யும் இடமாக இருந்திருக்கிறது. சுவரெல்லாம் துணிப் பொதிகளை அடுக்கி, நடுவில் ஒரு ஆள் நிற்க இடம் விட்டிருந்தது. அந்த இடத்தில் நின்று நான் பேசியபோது என் குரல் எனக்கே பஞ்சில் பொதிந்த மாதிரி கேட்டது.

“வெளிச் சத்தம் ஒரு பொட்டு உள்ள வராது, பாத்துக்கிடுங்க. அண்ணன் தீபாவளிக்குச் சரக்கு இறக்குனாத்தான் எனக்கும் வேலை ஓடும். பொதி வித்துப்போச்சுன்னா ரோட்டு பஸ்ஸெல்லாம் பாட்டுக்குள்ள வந்துரும்” என்றார் அண்ணாச்சி.

பிலோமினா பாட்டு என் உயிர் என்றேன். மனுஷருக்கு முகம் மலர்ந்துவிட்டது. “அன்னைக்குன்னு பாத்துக் கரண்டு போயிட்டு. அந்தப் பிள்ளை அடையாத்துலருந்து கைப்பிள்ளையோட வந்து நிக்கி. திருப்பி அனுப்ப மனசில்ல. பேட்டரில ஓடுத டேப்பை வச்சு, மெழுகுவத்தி வெளிச்சத்துல எடுத்தோம். கம்பெனிலேயே நல்லா வித்த தட்டு அதுதான்” என்றார். பெருமையாகத்தான் சொன்னார். நானும் பெருமையாகத்தான் கேட்டுக்கொண்டேன். மத்தியானம் ஒத்திகை இருக்கிறது, வாருங்கள் என்று என்னையும் கூட்டிக்கொண்டார்.

தி.நகர் பஸ் நிலையத்திலிருந்து மயிலாப்பூருக்கு மூன்று மைல் இருக்கும், டிக்கெட் முப்பது காசு. குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சபா ஹால். டிசம்பர் சீசனில் அந்த ஹாலின் வாசலில்கூட நிற்க முடியாது. சீசன் முடிந்துவிட்டால் யாருக்கும் வேண்டாம், வாடகை பாதிக்கும் கீழே. கேண்டீனையும் மூடிவிடுவார்கள் என்பதை முன்கூட்டியே யாரும் எனக்குச் சொல்லவில்லை. பட்டினியோடுதான் ஒத்திகை பார்த்தேன்.

மேடையில் இரண்டு கிடார், ஒரு ஆர்மோனியம், தபலா. தலைவன் சந்துரு, மயிலாப்பூர்ப் பையன், பேண்ட்டின் அடிப்பாகம் தரையைக் கூட்டியது. வெள்ளைக் காக்கையின் எல்லாத் தட்டுகளும் அவனுக்கு மனப்பாடம். ரெக்கார்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, இம்மி பிசகாமல் வாசிப்பது என்று சபதம் மாதிரி வைத்திருந்தார்கள். கண்டக்டர் பாட்டின் நடுவே ஒரு இருமல் வரும். அந்த இருமலுக்குக்கூட ஒரு பையனை ஒதுக்கியிருந்தான்.

மூன்று மணிக்கு பிலோமினா வந்தாள். சைதாப்பேட்டை மார்க்கெட்டில் மீன் விற்று முடித்து, ஊரூர் குப்பத்துக்குப் போய்க் குளித்து, ஊதாப் புடவையும் தலை நிறையப் பூவுமாக வந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். அண்ணாச்சி என்னை அறிமுகப்படுத்தினார். “விருதுநகர்லேர்ந்தா? எனுக்காகவா வந்தே?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆர்மோனியம் ஆரம்பித்தது. பல்லவியை எப்படியோ பாடிவிட்டாள். சரணத்தில் ஒரு ஏற்றம் உண்டு, அந்த இடத்தில் குரல் கிழிந்துவிட்டது. மறுபடி ஆரம்பித்தார்கள், மறுபடியும் அங்கேயே நின்றது. மூன்றாம் முறை அவளாகவே நிறுத்திவிட்டு மேடை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

“வரல நைனா. இந்தத் தொண்டைக்கு அந்தப் பாட்டு வராது. வேற யார்னா வச்சிப் பாடிக்கோ.”

“ரெக்கார்டுல நீங்கதானே பாடியிருக்கேள்? கொஞ்சம் வெந்நீர் குடிச்சுட்டுப் பாடுங்கோ” என்றான் சந்துரு.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “அதான் எனுக்கும் புரியல. குப்பத்துல எவனும் நம்ப மாட்டேன்றான். அது உன் கொரலே இல்ல, எவளோ பாடிக்கிறா, உன் பேரப் போட்டுட்டாங்கன்றான். பாடிக் காட்டுன்றான். பாடுனா அந்த மாரி வரல. என் நாத்தனார் ரோசி கீதே, அது என்னக் கண்டாலே சிரிக்கும். இன்னிக்கு மேடையில பாடிக் காட்டறேன்னு அல்லாரையும் வரச் சொல்லிக்கிறேன். இப்ப இன்னா மூஞ்ச வச்சிக்கினு நிப்பேன்?”

அண்ணாச்சி மேல்துண்டைப் பிசைந்துகொண்டு நின்றார். எனக்குத் துக்கமாக இருந்தது, கூடவே எரிச்சலும் வந்தது. ஏனென்றால் அவர்கள் வாசித்தது சாத்தூர்க் கல்யாண வீட்டுப் பாட்டு, என் வீட்டுப் பாட்டு இல்லை.

“தம்பி, எதுக்கு இவ்வளவு உச்சத்துல எடுக்கிய? எங்க வீட்ல இது கீழல்லா இருக்கும்” என்றேன்.

“ரெக்கார்டு என்ன ஸ்ருதியோ அதேதான் மாமி, ஆறு கட்டை. உங்காத்து மெஷின் ஸ்லோவா ஓடறது” என்றான் சந்துரு. முப்பது வயதில் என்னை முதன்முதலாக மாமி என்று கூப்பிட்டவன் அவன்தான், நான் இன்னும் மறக்கவில்லை.

“ஓடட்டும். எனக்கு அதுதான் பாட்டு” என்று சொல்லிவிட்டு, வெட்கத்தைப் பார்க்காமல் சரணத்தை முணுமுணுத்துக் காட்டினேன். எனக்குப் பாட வராது. எக்ஸ்சேஞ்சில் குரல்களைக் கேட்டுக் கேட்டு, கேட்ட குரலை மறக்கவும் வராது.

பிலோமினா தலையைத் தூக்கினாள். “அதாங்க்கா. அப்டித்தான் நான் பாடுனேன்.”

கச்சேரி இடைவேளையில் தட்டுகளைப் போடுவதற்கென்று ஒரு ரெக்கார்ட் பிளேயர் கொண்டுவந்திருந்தார்கள். சந்துரு அவள் தட்டை எடுத்து வைத்தான். கீச்சென்று அந்த வேகக் குரல் வந்தது. பிறகு சுழலும் தட்டின் விளிம்பில் விரல் நுனியை லேசாக வைத்தான். வேகம் இறங்கியது, சுருதியும் இறங்கியது. ஓட்டம் நிதானத்துக்கு வந்தபோது, எதிரே ஊதாப் புடவையில் உட்கார்ந்திருந்த பிலோமினாவின் குரல் அப்படியே தட்டிலிருந்து வந்தது. கரகரப்பு, கோபம், பிரியம் எல்லாம் இருந்தது. பாட்டு முடியும்வரை அவன் விரலை எடுக்கவில்லை.

அண்ணாச்சிக்கு அப்போதுதான் விளங்கியது. “பேட்டரி இறங்கிட்டு” என்று நாற்காலியில் உட்கார்ந்தார். “பதியும்போது டேப்பு சோம்பி ஓடியிருக்கு. அதைச் சரியான வேகத்துல தட்டுல ஏத்துனா, பாட்டு குதிச்சிட்டுல்லா ஓடும். ஏழு வருசமா ஒன் குரலை நான் ஓட ஓட வெரட்டியிருக்கேனே தாயி.”

எங்கள் வீட்டு ரப்பர் சக்கரம் எவ்வளவு தேய்ந்திருந்ததோ, அவருடைய பேட்டரியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் தேய்ந்திருக்கிறது. இரண்டு கோளாறும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிட்டன. நான் இதில் பெருமைப்பட எதுவும் இல்லை. இருந்தாலும் பட்டேன்.

ஆறு கட்டை ஐந்தானது. கிடார்களைத் திருகிச் சுருதி சேர்க்கச் சந்துருவுக்கு மனசே இல்லை. ரெக்கார்டு மாதிரி இல்லையென்று ரசிகர்கள் கத்துவார்கள் என்றான். கத்தட்டும் என்றார் அண்ணாச்சி.

ஆறு மணிக்குக் கச்சேரி. டிக்கெட் இரண்டு ரூபாய், ஹால் முக்கால்வாசி நிறைந்தது. முன்வரிசைகளில் கல்லூரிப் பையன்கள், நாலைந்து சபா மாமாக்கள். கடைசி இரண்டு வரிசையில் ஊரூர் குப்பம் மொத்தமும். கண்டக்டர் பாட்டுக்கு நல்ல கைதட்டல், இருமலுக்கு அதைவிட நல்ல கைதட்டல். பிலோமினா ஏழரைக்கு மேல் வந்தாள். மைக்கைப் பார்க்காமல் கடைசி வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பல்லவி வந்ததும் முன்வரிசையில் சலசலப்பு. “சுருதியை இறக்கிட்டா. ரெக்கார்டு மாதிரி வரலையே” என்றார் என் பக்கத்து மாமா. அவரை நான் பார்த்த பார்வையில் அடுத்த பாட்டுவரை வாய் திறக்கவில்லை. சரணம் வந்தது. அந்த ஏற்றத்தை அவள் ஏறினாள் என்றுகூடச் சொல்ல முடியாது, தினமும் நடக்கிற படி மாதிரி போனாள். அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்து, அரங்கம் முழுக்கக் கேட்கிற மாதிரி, பக்கத்து ஆட்களிடம் சொன்னாள்.

“அய்ய, நம்ம பிலோமிதான். எங்கண்ணன எழுப்பறப்போ இதே கொரல்லதான கத்தும்.”

ரோசிதான். குப்பம் முழுக்கச் சிரித்து, அப்புறம் கைதட்டியது. பிலோமினா பாட்டை நிறுத்தவில்லை, சிரித்துக்கொண்டே மறுபடி பல்லவிக்கு வந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, கைக்குட்டையை ரயிலிலேயே தொலைத்திருந்தேன். அந்தப் பக்கத்து மாமாதான் தன்னுடையதைக் கொடுத்தார்.

கச்சேரி முடிந்து லஸ் முனையில் அடையாறு பஸ்ஸுக்கு நின்றோம். நான் மந்தைவெளியில் சித்தி மகள் வீட்டில் தங்கல். பிலோமினா பூவை எடுத்து எனக்குப் பாதி கிள்ளிக் கொடுத்தாள். பிறகு சொன்னாள்:

“அப்ப இத்தினி வருசமா உங்க வூட்ல மட்டும்தாங்க்கா நான் பாடிக்கினு இருந்துக்கிறேன்.”

பஸ் வந்துவிட்டது. அந்தப் பாதிப் பூவைத் தலையில் செருகிக்கொண்டு ஏறினேன்.

பின்னூட்டத்தில் கேட்டவருக்காகச் சில விஷயங்கள். ஜவுளிக்கடை மாடி இப்போது இல்லை, ரங்கநாதன் தெருவில் காலையிலேயே போய்விடுவது நல்லது, பத்து மணிக்கு மேல் கூட்டம் உங்களைத் தூக்கிக்கொண்டு போய்விடும். மயிலாப்பூர் சபாக்களுக்குப் போவதானால் சீசன் முடிந்தபின் போங்கள், இடம் கிடைக்கும், ஆனால் வெளியிலேயே சாப்பிட்டுவிடுங்கள். சாயங்காலம் மீதியிருந்தால் பெசன்ட் நகர்க் கடற்கரையில் வடக்கே நடந்தால் ஊரூர் குப்பம். பழைய தட்டு வாங்கினால் ஒருமுறை விளிம்பில் விரல் வைத்துக் கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் திட்டுவார், பரவாயில்லை.

ஊருக்குத் திரும்பியதும் எல்லாவற்றையும் கணவரிடம் ஒப்பித்தேன். அவர் பாதி கேட்டார். மறுவாரம், பயணத்தில் நான் பட்ட பாட்டுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியதோ என்னவோ, மதுரையிலிருந்து புது ரப்பர் சக்கரம் வாங்கிவந்து, திருப்புளியோடு பிளேயர் முன்னால் உட்கார்ந்தார். நான் அடுப்படியிலிருந்து ஓடிவந்தேன்.

“கையை எடுங்க. உள்ள ஆள் பாடிட்டிருக்கு.”