இரண்டு 6089

போன செவ்வாய்க்கிழமை என்னைத் திருடன் என்றார்கள். சாட்சி — ஒரு பித்தளை டோக்கன்.

தங்கச் சுரங்கம் பார்த்திராத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஏறிக் கீழே இறங்கும் முன் அவரவர் டோக்கனை டைம் ஆபீஸில் கொடுத்துவிட வேண்டும். வட்டமான வில்லை. நடுவில் ஓட்டை, இருபுறமும் எண். பலகையில் ஆணியில் மாட்டுவார்கள். மேலே வந்ததும் வாங்கிக்கொள்ளலாம். ஒன்று மிஞ்சினால்... ஓர் ஆள் இன்னும் கீழே இருக்கிறான்.

அன்று ஷிஃப்ட் முடிந்து என் டோக்கனை வாங்கி மடியில் முடிந்துகொண்டேன். எண் 6089. பலகையில் ஒன்று மிஞ்சியிருந்தது. கிளார்க் அதை மேஜையில் வைத்துப் படித்தார்.

"ஆறாயிரத்து எண்பத்தொம்போது. யார்ரா அது?"

"நான்தாங்க..."

"அப்ப இது இன்னாடா?"

என்னுடையதை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். அங்கேதான் வினை. ஒரே எண், இரண்டு டோக்கன்.

"கள்ள டோக்கனுங்க," என்றார் வாட்ச்மேன். "தங்கம் எடுக்க ஆள உள்ள உட்டுக்கிறான். அவன் மேல வரட்டும், ரெண்டு பேரையும் கோலார் கோர்ட்டுக்கு அனுப்பிடலாம்."

தலைப்பாகையை உதறினார்கள். வாயைத் திறக்கச் சொன்னார்கள். அதிலிருந்து தங்கமும் வரவில்லை, வார்த்தையும் வரவில்லை. கூச்சக்காரன் என்ன செய்வான்? குனிந்து மேஜையைப் பார்த்தேன்.

மேஜைக்கு எதிரே நின்ற என் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டிலும் 6809.

"ஐயா... கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து பாருங்க."

"உன் பக்கம் நான் ஏன்டா வரணும்?"

"6809 யாருங்க? அவர் வந்துட்டாரா?"

கிளார்க் டோக்கனை மெல்லத் திருப்பினார். பிறகு பதிவுப் புத்தகத்தைத் திருப்பினார். 6809 — முனிசாமி. காலையில் இறங்கியவர். மேலே வந்ததை யாரும் பார்க்கவில்லை.

கேஜ் இறங்கியது. காலில் பாறை விழுந்து, மெழுகுவர்த்தியும் அணைந்து, இருட்டில் கிடந்தாராம். தூக்கி வந்தபோது கேட்டார்:

"இன்னாப்பா, எல்லாரும் ஊட்டுக்குப் போயிட்டீங்களா?"

"இல்லப்பா," என்றார் வாட்ச்மேன். "உன்னப் புடிக்கத்தான் காத்துக்கினு இருந்தோம்."

முனிசாமிக்கு உயிரும் காலும் தப்பின. எனக்குத்தான் எண் என்றாலே சந்தேகம் வந்துவிட்டது. படித்தது மூன்றாம் வகுப்பு. இருந்தும் வீட்டுச் சிலேட்டில் ஒவ்வோர் எண்ணாக எழுதித் தலைகீழாக்கிப் பார்த்தேன். 0, 1, 8 — அப்படியே நிற்கின்றன. 6-ம் 9-ம் ஆள் மாறாட்டக்காரர்கள். மற்றவை கவிழ்ந்தால் எண்ணாகவே தேறுவதில்லை. ஆனால் அந்த மாறாட்டக்காரர்கள் இரண்டு முனையிலும் நின்றும் யோக்கியமாக இருக்கும் எண்களும் உண்டு. அதில் ஒன்று 6889. எப்படிப் புரட்டினாலும் 6889.

அதையே கேட்டு வாங்கிக்கொண்டேன். வாங்கும்போதும் ஒருமுறை திருப்பிப் பார்த்தேன்.

கிளார்க் நல்லவர்தான். டோக்கனைத் திருப்பினார், புத்தகத்தைத் திருப்பினார்... மேஜையைச் சுற்றி என் பக்கம் மட்டும் கடைசிவரை வரவில்லை.