காந்தச் செருப்பு போட்ட கால்

பாம்பன் கடலில் பாசி எடுக்கும் என் அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. கால் எரிச்சல் தாங்காமல், கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டு விற்ற ஒருவனிடம் காந்தச் செருப்பு வாங்கினார். சில மாதங்களில், "இப்ப வலிக்கவே இல்லத்தா, காந்தம் இழுத்துருச்சு" என்றார். நானும் நம்பித் தொலைத்தேன்.

ஒருநாள் அம்மா நடந்த இடமெல்லாம் ரத்தம். பாதத்தில் சிப்பித் துண்டு ஏறிச் சீழ் பிடித்திருந்தது. அவருக்குத் தெரியவே இல்லை.

"காந்தத்தால வலி போகலம்மா. சர்க்கரையால கால் மரத்துப்போச்சு. இன்னும் விட்டிருந்தா விரலை எடுத்திருக்கணும்" என்றார் டாக்டர்.

விற்றவனைப் போனில் பிடித்துக் கேட்டேன். "வலி போயிருச்சுல்ல, அப்புறம் என்ன?" என்று சிரிக்கிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வலி என்று அம்மா சொன்னால் இப்போது நிம்மதியாக இருக்கிறது. வலிக்கவில்லை என்றால், உடனே காலைத் தூக்கி மடியில் வைத்துப் பார்க்கிறேன்.

— ஒரு வாசகி, ராமேஸ்வரம் தீவு