இரண்டாவது பிரேக்

என் மனைவிக்கு ஊரில் பெயர் 'பிரேக் மேடம்'. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். பயிற்சி வண்டியில் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் கோட்டை விட்டால் பக்கத்தில் இருப்பவர் மிதித்து எல்லோரையும் உயிரோடு வீடு சேர்க்கலாம். அந்த இரண்டாவது பிரேக்கின்மேல் கால் வைத்தபடியே பாதி ஊருக்கு லைசன்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டாள். மீதிப் பாதியில் நான் இருக்கிறேன்.

ஆமாம், எனக்கு ஓட்டத் தெரியாது. சிரிக்காதீர்கள். கற்றுக்கொள்ளத்தான் அவளிடம் போனேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன் நான். மூன்றாவது வகுப்பிலேயே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட ஜோரில் எதிரே எரிந்த சிவப்பு விளக்கு கண்ணில் படவில்லை. அவள் சடக்கென்று பிரேக்கை மிதித்தாள். என் நெற்றி ஸ்டியரிங்கில் முட்டியது.

"முதல்ல சிக்னலைப் பாருங்க சார்," என்றாள். பச்சை விழுந்ததும், "பண்ணிக்கிறேன். இப்ப வண்டியை எடுங்க, பின்னாடி ஹாரன் அடிக்கிறாங்க," என்றாள்.

கல்யாணமான மறுவாரமே, "புருஷனா, ஸ்டூடண்டா? ரெண்டுல ஒண்ணுதான்," என்று கறாராகச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து எனக்குப் பின்சீட்டு.

எங்கள் வீட்டில் அந்த வண்டிக்குப் பெயர் 'மூத்தது'. அதற்குப் பிறகு பிறந்ததால் மகள் 'இளையது'. மூத்ததைத்தான் இப்போது விற்க வேண்டி வந்தது. பயிற்சி வண்டிக்கு வயது வரம்பு வைத்துவிட்டார்கள். வேறு வண்டி வாங்காவிட்டால் தொழிலே நின்றுபோகும்.

இணையத்தில் விளம்பரத்தை அவளே எழுதினாள். படித்துப் பார்த்த எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. 'நல்ல மனசுள்ள வண்டி. மேட்டில் கொஞ்சம் யோசிக்கும். மழை நாளில் ஹாரன் அடிக்காது. டிக்கியை ஒரு தட்டு தட்டினால்தான் திறக்கும். இரண்டாவது பிரேக் கழற்றித் தரப்படாது.'

"ஏம்மா, தன் மோரைப் புளிக்கும்னு எவளாவது சொல்லி விப்பாளா?"

"பொய் சொல்லி வித்தா அது அங்க போய் நம்மளைத் திட்டும்," என்றாள். வண்டி திட்டுமாம்!

வந்த பதில்களைப் படித்து எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறியது. ஒருவர் தன் பழைய ஃப்ரிட்ஜைத் தந்து மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார். இன்னொருவர் நான்கு டயரை மட்டும் கேட்டார். நேரில் வந்தவர்களோ ஒருவர் விடாமல், "அந்த ரெண்டாவது பிரேக்கைப் பிடுங்கிடுங்க, அசிங்கமா இருக்கு," என்றார்கள். அசிங்கமாம்! என் கல்யாணமே அந்தப் பிரேக்கில்தான் நிச்சயமானது. "வாசல் அந்தப் பக்கம்," என்று காட்டினேன்.

சனிக்கிழமை காலை ஒரு வயதான தம்பதி வந்தார்கள். கணவர் பானெட்டைத் திறந்து ஏதோ தெரிந்தவர்போல் உம் கொட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மா பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவர், காலடியில் பார்த்துவிட்டுச் சந்தேகமாக, "இது நிஜமாவே பிடிக்குமா?" என்று கேட்டார்.

"பிடிக்கும்மா. நீங்க மிதிச்சா வண்டி நிக்கும்," என்றாள் என் மனைவி.

"அவர் ஓட்டிட்டு இருக்கும்போதே?"

"அவர் ஓட்டும்போதுதான்."

அந்த அம்மா முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே! "கல்யாணமான நாள்லருந்து நான் சும்மா தரையைத்தான் மிதிச்சுட்டு இருக்கேன்," என்றார். "ஏங்க, இந்த வண்டிதான். வேற பேச்சே இல்ல." கணவர் பானெட்டை மூடினார். அவர் கருத்தை யாரும் கேட்கவில்லை.

மூத்தது தெருமுனை திரும்பும்வரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். திருப்பத்தில் பிரேக் விளக்கு பளிச்சென்று எரிந்தது, யார் மிதித்தார்களோ. என் மனைவி அழுதாள். நானும்தான் அழுதேன், மறைப்பானேன்.

மதியம் பஸ் ஏறிப் புது வண்டி பார்க்கப் போனோம். புதிது என்றால் நமக்குப் புதிது. ஒரு பல் டாக்டர் ஓட்டிய வண்டி. அவர் சாவியை நீட்ட, என் மனைவி நேராகப் பக்கத்து இருக்கையில் ஏறி பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். டாக்டர் ஒரு கணம் விழித்துவிட்டு ஸ்டியரிங் பக்கம் போய் உட்கார்ந்தார். நான் வழக்கம்போலப் பின்சீட்டு.

"கண்ணாடி சரியா இருக்கா சார்? ம், மெதுவா எடுங்க."

டாக்டர் எடுத்தார்.

"இன்டிகேட்டர் எங்க? நீங்க திரும்பப்போறது உங்க மனசுக்கு மட்டும் தெரிஞ்சா போதுமா?"

"சாரி மேடம்," என்றார் டாக்டர். சொந்த வண்டியில், சொந்தத் தெருவில்! திரும்பி வருவதற்குள் சட்டை நனைந்துவிட்டது மனிதருக்கு. நான் சிரிப்பை அடக்க முடியாமல் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டிருந்தேன். வண்டி தங்கமாக ஓடியது. பேசி முடித்து வாங்கிவிட்டோம். திங்கட்கிழமை மெக்கானிக் இரண்டாவது பிரேக்கைப் பொருத்திவிடுவார்; அதுவரை வீட்டு வாசலில் நிறுத்தி வைத்தால் போதும்.

டாக்டர் உள்ளே போனதும், "ஏறு, போகலாம்," என்றேன். அவள் வண்டியைச் சுற்றி வந்தாள். டயரை உதைத்தாள். மறுபடி சுற்றினாள்.

"ஏங்க, ஸ்டூடண்ட் யாரையாவது கூப்பிடலாமா?"

"எதுக்கு?"

"ஓட்டுறதுக்கு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. காலையில் முதல் மாணவர் எங்கள் வாசலில் வந்து வண்டியை எடுப்பார். மாலையில் கடைசி மாணவர் கொண்டுவந்து விட்டுவிட்டு பஸ்ஸில் போவார். பார்க்கிங் பயிற்சி எப்போதும் காய்கறிக் கடை முன்னால்தான் நடக்கும். பின்சீட்டில் போன எனக்கு ஓட்டுவது யார் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. என்ன மனுஷன் நான்!

"நான் ஸ்டியரிங்கைத் தொட்டு எத்தனை வருஷமாச்சுன்னு எனக்கே தெரியல," என்றாள். "காலடியில ஒரு பிரேக், ஓட்ட ஒரு ஆள், அப்படியே பழகிட்டேன். பிரேக் மேடத்துக்கு ஓட்டப் பயம்னு வெளியில தெரிஞ்சா யாருங்க என்கிட்ட கத்துக்குவா? ஆனா முடியல. அவங்க தப்பு பண்ணா நான் மிதிப்பேன். நான் தப்பு பண்ணா யாரு மிதிப்பா?"

"நான் இருக்கேன்ல."

"உங்ககிட்ட ஏது பிரேக்?"

"வாய் இருக்குல்ல!"

சிரித்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறினாள். நான் வாழ்நாளில் முதன்முறையாக அவளுடைய பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, பின்சீட்டில் கேட்டுக் கேட்டு மனப்பாடமான வகுப்பைத் தொடங்கினேன்.

"சீட்டை முன்னாடி தள்ளுங்க மேடம். கண்ணாடி. பெல்ட். மூச்சு விடுங்க, விட்டா காசு கேக்க மாட்டாங்க."

வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது. ஜன்னல் திரைக்குப் பின்னால் டாக்டர் நிற்பது தெரிந்தது. அவள் முகம் வெளுத்தது.

"அணைஞ்சா என்ன, அடுப்பு கூடத்தான் அணையுது. மறுபடி பத்த வைங்க," என்றேன். அது அவள் வசனம். முறைத்தாள், பற்றவைத்தாள், வண்டி நகர்ந்தது.

"கியரைப் பாக்காதீங்க, ரோட்டைப் பாருங்க. ரோடு உங்கப்பா வீட்டுதும் இல்ல, எங்கப்பா வீட்டுதும் இல்ல. பொறுமையா போங்க."

"கொஞ்சம் வாயை மூடுறீங்களா?"

"ஸ்டூடண்ட்ஸ் எல்லாரும் இதைத்தான் நினைச்சாங்க, சொல்லத்தான் தைரியமில்ல."

பெரிய சாலை வந்தது. குறுக்கே ஒரு தண்ணி லாரி மூக்கை நீட்டியது. "பிரேக்க்க்!" என்று நான் அலறிய அலறலில் லாரிக்காரரே எட்டிப் பார்த்தார். ஆனால் வண்டி அதற்கு முன்பே பூப்போல நின்றிருந்தது. அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். லாரி போனது. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். பின்னால் ஹாரன் அடித்தார்கள், அடிக்கட்டுமே.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. வீட்டு வாசல் வந்தது, நிறுத்தவில்லை. "இன்னொரு ரவுண்டு," என்றாள். காய்கறிக் கடைக்காரர் ஸ்டியரிங்கில் அவளைப் பார்த்து வாயைப் பிளந்தார். அவள் ஹாரன் அடித்துக் கையாட்டினாள். மறுபடி வாசல், மறுபடி ஒரு ரவுண்டு. மாடியிலிருந்து இளையது, "அம்மா, இறங்குவியா மாட்டியா?" என்று கத்தினாள்.

கடைசியில் நிறுத்தினாள். நான் இறங்கக் காலை எடுத்தபோது முழங்கால் வலித்தது. என் காலடியில் விரித்திருந்த மிதியடி முழுக்கச் சுருண்டு, மடங்கி, முன்னால் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. வழியெல்லாம் நான் மிதித்திருக்கிறேன்.

அவள் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் முழங்காலைத் தட்டி, "பிரேக் நல்லாவே போட்டிருக்கீங்க சார்," என்றாள்.